சாலமோன் மாமாவின் கல்லுக்கு ஒரு நட்சத்திரம்

வாய் ஓயாத என் சாலமோன் மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகிவிட்டன. அங்கே எப்படி இருக்கிறீர்கள்? பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சமாவது ஓய்வு கொடுக்கிறீர்களா? செவிலிமேட்டில் நம் வீடு அமைதியாகிவிட்டது. அம்மாவால் இந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் ரேடியோவை அலற விடுகிறாள். அதில் யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால், "எங்க அண்ணன் மாதிரியே அறுக்கறான் பாரு" என்று சந்தோஷமாகச் சத்தத்தைக் கூட்டுகிறாள்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அதனால் அவர்களுக்கு உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றிய பேச்சு உங்களுக்குக் கசக்கவா போகிறது? காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே முப்பது வருடத்துக்கு மேல் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் என் மாமா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, தங்கையின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிட்டார். கோயில் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட மாமா, பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சில்லறையைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "நான் யாரு தெரியுமா? யூதன்பா. எங்க தாத்தா கப்பல்ல வந்தவரு."

யார் அனுப்பிய கப்பல் என்று கேட்டால் சாலமோன் ராஜா அனுப்பிய கப்பல் என்பீர்கள். அதனால்தான் உங்களுக்கு அந்தப் பெயராம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஸ்கூல் விட்டு உங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். புதிதாகக் கணக்குப் படித்த திமிர். "சாலமோன் ராஜா காலம் மூவாயிரம் வருஷமாச்சே மாமா. உங்க தாத்தாவுக்கு மூவாயிரம் வயசா?" என்று கேட்டேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "கப்பல் மெதுவா வந்துது" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. நான் விடவில்லை. "புளுகு மாமா!" என்று கத்தினேன். அன்றிலிருந்து நம் சொந்தக்காரர்கள் மத்தியில் உங்களுக்கு அதுதான் பெயர். பெயர் வைத்தவள் நான்தான்.

இப்போது நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக நாம் பேசியது நினைவிருக்கிறதா? "லில்லிம்மா, என் கல்லறைக் கல்லுல சிலுவைக்குக் கீழ ஆறு முனை நட்சத்திரம் ஒண்ணு போடு. நான் புளுகன் இல்லன்னு நீயாவது…" என்று ஆரம்பித்தீர்கள். நான் சிரித்துக்கொண்டே, "சரி மாமா, கப்பலையும் சேத்துப் போட்டுடறேன்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மறுநாள் காலை நான் டிபன் கேரியரோடு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பேச்சை முடிக்காமல் நீங்கள் விட்டுப்போனது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அதை முடிக்க விடாமல் செய்தது நான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை மாமா.

அதனால் முதல் வருட நினைவு நாளுக்குள் உங்கள் கல்லை நட்சத்திரத்தோடு நட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். என்ன பெரிய வேலை, அரை நாள் ஆகுமா என்று நினைத்தேன். முதலில் கல் செதுக்கும் ஏகாம்பரத்திடம் போய்ப் படத்தை வரைந்து காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார்.

"இது முருகர் சக்கரமாச்சேம்மா. ரெண்டு முக்கோணம் மேலயும் கீழயும். நீங்க எப்ப மாறினீங்க?"

"நாங்க மாறலைங்க. இது யூதருங்க நட்சத்திரம்."

"யாரா இருந்தாலும் சரிம்மா. ஆறு மூலையிலயும் சரவணபவ எழுத்து போட்டாதான் சக்கரம் வேல செய்யும். வெறுமனே போட்டுக்கினு போனீங்கன்னா பலன் இருக்காது" என்றார். குமரகோட்டத்து முருகன் இருக்கிற ஊரில் அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து நம் பாஸ்டர். நல்ல மனிதர், உங்கள் தொல்லையைப் பல வருடம் பொறுத்தவர். "கல்லறைத் தோட்டத்துக் கமிட்டியில கேப்பாங்கம்மா. எழுத்துல ஒரு ஆதாரம் இருந்தா நானே பேசறேன்" என்றார். மாமாவே வாயால் சொல்லியிருக்கிறாரே என்றேன். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாலமோன் அண்ணன் என்கிட்ட, பரலோகத்துல ஜன்னலோர சீட்ல உங்களுக்குத் துண்டு போட்டு வப்பேன்னு சொல்லிட்டுப் போனாரும்மா. அதையும் ஆதாரமா எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

அம்மா இன்னும் மோசம். "உயிரோட இருந்தப்ப ஊரு சிரிச்சது பத்தாதா? செத்தும் சிரிக்கணுமா? சிலுவை போட்டு, பேரு போட்டு, படுக்க வையேன் அவரை" என்றாள். நீங்கள் சொன்னதெல்லாம் பொய் என்பதில் அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கும் அவ்வளவாக இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு என் கண்ணிலேயே நின்றது. உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இந்திய யூதர்களின் வம்சத்தைத் தேடுகிறவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். எழுதிக் கேட்டேன். மும்பையிலிருந்து ரூத் அம்மா என்று ஒருவர் பதில் போட்டார். ஸ்கூலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர்கள் கொங்கணக் கடற்கரையில் செக்கில் எண்ணெய் ஆட்டிய யூதர்களாம். பெனே இஸ்ரேல் என்று பெயர். என்னுடைய இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். அவர் சொன்ன முதல் பாடம் இது: உங்களிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போங்கள், தெரிந்ததைத் தனியாக எழுதுங்கள், கேள்விப்பட்டதைத் தனியாக எழுதுங்கள்.

எழுதினேன் மாமா. நான் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள், கட்டம் போட்ட நோட்டுக்கு வீட்டில் பஞ்சமில்லை. "தெரிந்தது" என்ற பக்கத்தில் நாலு வரிதான் வந்தது: மாமா பெயர் சாலமோன். அவர் அப்பா பெயர் யாக்கோபு. பஸ்ஸில் வேலை. சர்க்கரை வியாதி. "கேள்விப்பட்டது" பக்கம் இரண்டு நோட்டைத் தாண்டிப் போனது. கப்பலில் வந்த யானை வரைக்கும் இருந்தது. இங்கேயிருந்துதான் யானை அங்கே போகும், அங்கேயிருந்து ஏன் யானை வரவேண்டும் என்று நீங்கள் யோசித்திருக்கக் கூடாதா?

பிறகு ரூத் அம்மா ஒரு படிவம் அனுப்பினார். முதல் கேள்வியே குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் உதிர்ந்துவிடும். "அப்படியானால் தாத்தாவின் பெயரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டார். "அதற்காக நாங்கள் வருடா வருடம் சண்டை போடுவோம்" என்றேன். நல்லவேளையாக, நம் வீட்டில் அதற்குச் சண்டை வந்ததில்லை. உங்கள் தாத்தாவின் பெயர் எலியா என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஏதாவது நல்லது நடந்தால் எலியா தாத்தாவுக்கு ஒரு தட்டு அவல் வைப்பது நம் வழக்கமாயிற்றே. சுற்றிலும் எல்லா வீட்டிலும் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். நாமும் நம் பெரியவருக்குப் போடுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். இறந்தவர்களுக்குப் படையல் கூடாது என்று பாஸ்டர் கண்டித்தபோது, "படையல் இல்ல பாஸ்டர், டிபன்" என்று நீங்கள் சமாளித்ததுகூட நினைவிருக்கிறது. படிவத்தில், வம்சத்தின் வேரில், எலியா என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் பெயரெல்லாம் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். என் அம்மா எஸ்தர், மாமா சாலமோன், வாலாஜாபாத்தில் மோசே, எதிர்வீட்டில் இஸ்ரவேல், டூவீலர் மெக்கானிக் ஏசாயா, ஒயரிங் வேலை செய்கிற எரேமியா, தண்ணீர் கேன் போடுகிற நெகேமியா. பத்து நிமிடத்தில் போன் அடித்தது. ரூத் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "லில்லி, உங்கள் ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறீர்களா? யாருக்குமே தெரியாதே!" யூதர்களில் தொலைந்துபோன கோத்திரம் ஒன்று செவிலிமேட்டில் கிடைத்துவிட்டது என்று அவர் அதற்குள் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டார். பைபிளைத் திறந்து கண்ணில் பட்ட பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் சர்ச்சில் வழக்கம் என்று புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் ரொம்ப நேரம் சிரித்தார். நாலு பேருக்கும் மறுபடி போன் செய்யவேண்டும் என்று அலுத்துக்கொண்டார்.

அடுத்த பாடம், வீட்டில் உள்ள பழைய பொருட்களைப் பாருங்கள் என்பது. உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தீர்களே, தாத்தா கப்பலில் கொண்டுவந்த முந்நூறு வருடத்துப் பட்டு, அதை வெளியே எடுத்தேன். சிவப்பில் ஜரிகை நட்சத்திரம், ஆறு முனை. நீங்கள் புளுகவில்லை என்று நம்பிவிட்டேன். ஒரு நிமிடம்தான். ஆறாவது முனையில் ஒரு கட்டம் தவறிப்போய், முனை கொஞ்சம் மொண்ணையாக இருந்தது. அந்தத் தப்பை எனக்குத் தெரியும் மாமா. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு முருகர் கோயில் வஸ்திரத்துக்கு நான் போட்ட டிசைன் அது. முதலாளி திட்டி, நெய்தவரையும் திட்டி, ஓரத்தை வெட்டி எறிந்த துண்டை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் கையால் போட்ட டிசைனை என்னிடமே முந்நூறு வருடத்துப் பட்டு என்று காட்டியிருக்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

யூதர்கள் பண்டிகைக்கு ஏற்றும் ஒன்பது திரி விளக்கு என்று நீங்கள் சொன்ன இரும்புச் சாமானை அம்மா முகர்ந்து பார்த்தாள். "இது பணியாரக் கல்லுடி. என் கல்யாணத்துக்கு வந்தது. பதினஞ்சு வருஷமா தேடிக்கினு இருக்கேன்" என்றாள். அன்று சாயங்காலமே பணியாரம் சுட்டாள். நானும் அழுதுகொண்டே பத்து சாப்பிட்டேன். உங்கள் ஆதாரம் இரண்டும் போனது. புளுகு மாமா என்று வைத்த பெயர் சரியாகப் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

உமிழ்நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் வம்சம் தெரியும் என்று வேறொருவர் குழுவில் எழுதினார். அம்மாவிடம் சொன்னேன். "எச்சிலைத் தபால்ல அனுப்புவாங்களா? தபால்காரரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உயிரோடு இருக்கும் பெரியவர்களை முதலில் பாருங்கள், காகிதம் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று ரூத் அம்மா துரத்தினார். வாலாஜாபாத் போனேன். உங்கள் சித்தப்பா மகன் மோசே மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது. கதவைப் பாதி திறந்து, சங்கிலியை எடுக்காமலே பேசினார்.

"தாத்தாவைப் பத்தி எதுக்குக் கேக்கற? பத்திரம் எதுனா எடுத்துக்கினு வந்திருக்கியா?"

"இல்ல மாமா. சும்மா குடும்ப வரலாறு."

"வரலாறுன்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்பறம் வக்கீல் வருவான். இந்த மனை எங்க அப்பா சொந்தமா வாங்கினது. உங்க அம்மாளுக்கு இதுல பாகம் கெடையாது, சொல்லிட்டேன்."

நட்சத்திரம், கல், நினைவு நாள் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சங்கிலி விழுந்தது. காப்பியும் வந்தது. "தாத்தாவா? ரயில்வேல வேல. பேரு எலியாதானே, எங்க வீட்லயும் அவருக்கு அவல் வப்போமே" என்றார். நான் குதித்து எழுந்தேன். இரண்டு கிளையிலும் ஒரே பெயர்! "வேற என்ன தெரியும் மாமா?" என்றேன். "சோம்பேறின்னு எங்க அப்பா சொல்லுவாரு. சனிக்கெழமையானா வேலைக்குப் போகமாட்டாராம். படுத்துக்குவாராம். மேஸ்திரி கூட எப்பவும் சண்டை." நோட்டை எடுத்து, "தெரிந்தது" பக்கத்தில், தாத்தா சோம்பேறி என்று எழுதிக்கொண்டேன்.

எலியாவின் கல்லறை கிடைத்தால் போதும் என்று கல்லறைத் தோட்டம் முழுக்க நானும் அம்மாவும் அலைந்தோம். ஏழு எலியா இருந்தார்கள். அதில் ஒரு கல்லின் தலையில் பாசிக்கு அடியில் முனைமுனையாக ஏதோ தெரிந்தது. நட்சத்திரமேதான்! அம்மாவே கொஞ்சம் கலங்கிப்போய், "அண்ணன் சொன்னது நெசம்தானோ?" என்றாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரிய ரோஜா மாலையாகப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபமும் செய்தோம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், எதிரே ஒரு குடும்பமே முறைத்துக்கொண்டு நிற்கிறது.

"எங்க தாத்தாவுக்கு மாலை போட நீங்க யாருங்க?"

"உங்க தாத்தாவா? இவரு யூதருங்க. எங்க தாத்தா" என்றாள் அம்மா.

"என்னாம்மா ஒளர்றீங்க? இவரு ஏனாத்தூர்க்காரரு. ஏரு ஓட்டினவரு. வேற சம்சாரம் கிம்சாரம் இருந்துதுன்னு கெளப்பி வுடறீங்களா?"

அம்மா லேசில் தோற்கிறவளா? "உங்க தாத்தா எங்களுக்கும் தாத்தாவா இருந்துட்டா என்ன கெட்டுப்போச்சு இப்போ?" என்று சண்டைக்கு நின்றாள். அவர்கள் ஒரு பிரஷ்ஷைக் கொண்டுவந்து பாசியைச் சுத்தமாகத் தேய்த்தார்கள். ஐந்து இதழ் உள்ள ஒரு பூ தெரிந்தது. அம்மா மாலையைத் திருப்பி எடுக்கப் போனாள்; நான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வீட்டுக்கு வந்ததும், "போதும் லில்லி. அண்ணன் புளுகினாரு. நான் அவரைத் திட்டினாலும் அவரு எனக்கு அண்ணன்தான். நீ தோண்டத் தோண்ட அவரு இன்னும் பெரிய புளுகனா ஆவறாரு. வுட்டுடு" என்று சொல்லிவிட்டு அழுதாள். அம்மா உங்களுக்காக அழுது நான் அன்றுதான் பார்த்தேன். அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை.

விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ரூத் அம்மாவுக்கு நன்றி சொல்லி முடித்துக்கொள்வோம் என்று வீடியோவில் கூப்பிட்டேன். கோபம் தீராத அம்மா குறுக்கே புகுந்தாள். "அந்த அம்மாகிட்ட சொல்லுடி. எலியா தாத்தாவும் கெடைக்கல, கல்லறையும் கெடைக்கல. இத்தினி வருஷம் அவருக்கு அவல் வச்சதுதான் மிச்சம்னு சொல்லு." நான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். ரூத் அம்மா சிரிக்கவில்லை.

"என்ன அவல்?" என்று கேட்டார்.

"சாதாரண அவல்தான். ஊறவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, சர்க்கரை, ஏலக்காய்…"

"சுற்றிலும் பழம் வைப்பீர்களா?"

"ஐந்து பழம் வைப்போம். மரத்தில் காய்த்தது தனியாக, தரையில் விளைந்தது தனியாக. கலக்கக் கூடாது என்று மாமா கத்துவார்."

"எப்போது செய்வீர்கள்? வேண்டியது நடந்த பிறகு, நன்றி சொல்வதற்காகவா?"

ஆமாம் என்றேன். நீங்கள் வேலையில் நிரந்தரமானபோது, நான் பாஸானபோது, வளைவில் பிரேக் பிடிக்காமல் போய் பஸ்ஸில் ஒருவருக்கும் அடிபடாமல் தப்பியபோது. வெந்நீர் போடத் தெரியாத நீங்கள் அந்த அவலை மட்டும் யாரையும் தொட விடாமல் உங்கள் கையாலேயே பிசைவீர்கள். ரூத் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. "லில்லி, இதற்கு எங்கள் வீட்டில் மலிதா என்று பெயர். நேர்ந்துகொண்டது நிறைவேறினால் எலியா தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லி வைப்போம். கொங்கணத்து யூத வீடுகளில் மட்டும்தான் இந்தப் பழக்கம் உண்டு. எலியா உங்கள் தாத்தா இல்லை அம்மா. உங்கள் தாத்தா கூப்பிட்ட விருந்தாளி" என்றார். இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை வேலை செய்யாமல் இருந்ததற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லையாம், அது யூதர்களின் ஓய்வுநாளாம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எலியா சாகவே இல்லை மாமா! அக்கினி ரதத்தில் ஏறி நேராகப் பரலோகம் போனவர், ஞாயிறுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாகாத மனிதருக்குக் கல்லறை தேடி இரண்டு மாதம் அலைந்திருக்கிறோம். ஏசாயா மெக்கானிக்காகவும் எரேமியா எலக்ட்ரீஷியனாகவும் இருக்கிற தெருவில் எலியா நம் தாத்தாவாக இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? "அப்ப இத்தினி வருஷம் யாருக்குடி அவல் வச்சோம்?" என்று அம்மா கேட்டாள். தீர்க்கதரிசிக்கு என்றேன். "அவரா வந்து துன்னாரு? எங்க அண்ணன்தானே தட்டைக் காலி பண்ணாரு" என்றாள்.

பட்டு பொய், விளக்கு பொய், கப்பல் பொய், யானை பெரும்பொய். நீங்கள் பெருமையடித்த ஒன்றுகூட நிற்கவில்லை. நீங்கள் ஒருநாளும் ஒருவரிடமும் பெருமை பேசாத அவல் மட்டும் நின்றது. ஏன் மாமா அதைச் சொல்லவே இல்லை? உங்கள் அப்பா செய்ததைப் பார்த்துச் செய்தீர்கள், அவ்வளவுதானா? உங்களிடம் கேட்கத் துடிக்கிறது.

பாஸ்டரிடம் ஓடினேன். வருடா வருடம் அக்கினி ரதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர், தலையில் கையை வைத்துக்கொண்டார். "எனக்கே தோணலயேம்மா" என்றார். எலியா என்ற பெயரை விட்டுவிட்டுத் தேடுவோம் என்று அவரே தாத்தாவின் குடும்பம் இருந்த வாலாஜாபாத் சர்ச்சுக்கு வந்து, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை இறக்கச் சொன்னார். தூசியில் இருவரும் தும்மித் தும்மித் தேடினோம். மதியத்துக்குள் கிடைத்தது. யாக்கோபு, குழந்தை. தாய் ஞானம்மாள், இந்தச் சபையைச் சேர்ந்தவள். தகப்பன் தானியேல், ரயில்வே வேலை, ஊர் கொங்கணம், மார்க்கம் யூதம். பாஸ்டர் அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு தடவை உரக்கப் படித்தார். கமிட்டிக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

உங்களுக்கு ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது, உட்கார்ந்துகொள்ளுங்கள். யூத மார்க்கத்தில் வம்சம் தாய்வழிதானாம். உங்கள் தாத்தா யூதர். நீங்கள் முறைப்படி இல்லையாம். நீங்கள் ரூத் அம்மாவிடம் சண்டைக்குப் போவீர்கள் என்று தெரியும். அதனால் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டேன். சிலுவை, அதற்குக் கீழே நட்சத்திரம், அதற்கும் கீழே: "சாலமோன், பஸ் கண்டக்டர். கொங்கணத்து யூதர் தானியேலின் பேரன்." அம்மா மறுக்கவில்லை. "நட்சத்திரத்தைக் கொஞ்சம் பெருசாவே போடச் சொல்லு. எங்க அண்ணனுக்கு எதுவும் பெருசா இருந்தாதான் புடிக்கும்" என்றாள். ஏகாம்பரம் எழுத்து எதுவும் சேர்க்காமல் வெறும் நட்சத்திரம் செதுக்கினார். ஆனால் வண்டியில் ஏற்றும் முன்னே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டார். தொழில் பழக்கம். பாஸ்டர் கைக்குட்டையால் மெல்லத் துடைத்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார்.

நினைவு நாளன்று உங்கள் பழைய பஸ் ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். டிரைவர்கள், டீக்கடைக்காரர், வாலாஜாபாத்திலிருந்து கீரைக் கூடையோடு தினமும் ஏறும் முனியம்மா. கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, நட்சத்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பதிவேட்டின் ஜெராக்ஸைக் கையில் தயாராக வைத்திருந்தேன். யார் கேட்டாலும் காட்ட வேண்டும், ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். "இதுக்கு அத்தாட்சி இருக்குதும்மா. அவரு நெஜமாவே யூதரு குடும்பம்தான்" என்று காகிதத்தை நீட்டினேன்.

முனியம்மா அதை வாங்கவே இல்லை. "அதான் எங்களுக்குத் தெரியுமேம்மா. பஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவருதான் சொன்னாருல்ல?"

அங்கேயே உடைந்துபோய் அழுதேன் மாமா. ஒரு பஸ் நிறைய ஜனம் முப்பது வருடமாக உங்களை நம்பியிருக்கிறது. காகிதம் கேட்டது வீட்டில் இருந்த நாங்கள் இரண்டு பேர்தான். அந்தக் கடைசி நாள் நீங்கள் எதிர்பார்த்தது ஜெராக்ஸை அல்ல, "சரி மாமா" என்று ஒரு வார்த்தையை. அதை நான் சிரித்துக் கெடுத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

தானியேல் தாத்தாவின் ஊரைத் தேடிக் கொங்கணம் போகப்போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். அங்கே யாராவது வயதானவர் உட்கார்ந்து, எங்கள் ஆட்கள் கப்பலில் வந்தவர்கள், யானையோடு வந்தவர்கள் என்று ஆரம்பித்தால், முதலில் நம்பிவிடுவேன். சரிபார்ப்பதெல்லாம் அவர் பேசி முடித்த பிறகுதான். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களை முழுசாகப் பேச விடாத,
உங்கள் தங்கை எஸ்தரின் மகள்,
லில்லி